ஒரு சொட்டு மிச்சம்

பதிவு 1. மேல்வளையம். காலை 10.20

என் பெயர் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி, வேலை கோயம்புத்தூரில். புது விளையாட்டுகள் கடைக்கு வருமுன் உள்ளே போய் அடிபட்டுப் பார்க்கிற வேலை. இந்தப் பதிவு எனக்குப் பின்னால் இந்தக் கிணற்றுக்குள் இறங்குகிறவருக்காக. நான் நினைப்பது தானாக எழுத்தாகிக் கிணற்றுச் சுவரில் பதியும், மேலே ஆய்வறைத் திரையிலும் ஓடும். இடையிடையே கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆட்டம் எளிது. காட்டு மிருகத்தை அடித்து, சிமிழில் பிடித்து, பழக்கி, மற்ற மிருகங்களோடு மோதவிட வேண்டும். சிமிழ் என்பது கைக்குள் அடங்கும் உருண்டை. யானை அளவு மிருகமும் அதற்குள் போய்விடும். போனது காயம் ஆறி, பலம் கூடி, பிடித்தவர் சொன்னதைச் செய்யும். இந்த ஆட்டத்தில் உள்ள மிருகங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அந்த ஒன்று இந்தப் பாழுங்கிணற்றின் அடியில், மூன்று வளையத் தளங்களுக்குக் கீழே இருக்கிறது. இதில் இறங்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. இறங்காமலே கதை முடியும், பரிசும் கிடைக்கும். ஒவ்வொரு மாப்பிள்ளை வரும்போதும் "பாழுங்கெணத்துல தள்ளப் பாக்கியா" என்று அம்மாவிடம் சண்டை போட்டவள் நான். இன்று யாரும் தள்ளாமல் நானே இறங்குகிறேன்.

உடம்பு ஆய்வறையில் ஒரு தொட்டிக்குள் மிதக்கிறது. பக்கத்தில் பூபாலன் அண்ணன் என் நாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இங்கே செத்தால் மேலே தலைவலியோடு விழிப்பேன், அவ்வளவுதான். நடுவில் போதும் என்றாலும் அவர் இழுத்துவிடுவார். சண்டை நடக்கும்போது மட்டும் இழுக்கக் கூடாது, மூளை தாங்காது. என் மிருகங்களுக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. கிணற்றுக்குள் அவை செத்தால் செத்ததுதான்.

கூட வந்திருப்பவர்கள் மூன்று பேர். தடியன், கல் தோல் போர்த்த எருமை. கருவாடு, சிறகு முளைத்த மீன், வாயில் மின்னல். சுண்டு, கீரி. ஆட்டத்தின் முதல் நாளில் முதல் சிமிழில் விழுந்தது சுண்டு. அதைவிடப் பலசாலிகள் என்னிடம் நிறைய இருக்கிறார்கள். ஆனாலும் அது இல்லாமல் நான் எங்கும் போவதில்லை.

பதிவு 2. இரண்டாம் வளையம். காலை 11.05

ஒரு முள்பன்றி வழிமறித்தது. இதே இனம் என்னிடம் ஏற்கெனவே நாலைந்து உண்டு. இருந்தாலும் விடுவதற்கு மனசு வரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் அவசரப்பட்டுக் கொன்றுவிடுகிறார்கள். கொன்றால் பிடிக்க முடியாது. முழு பலத்தோடு இருக்கும்போது சிமிழை வீசினால் உடைத்துக்கொண்டு வந்துவிடும். முதலில் கால். தடியனை விட்டு அதன் முன்னங்காலை மிதிக்கச் சொன்னேன். எலும்பு முறிந்த சத்தம் வளையம் முழுக்கச் சுற்றி வந்தது. அடுத்து மயக்கப்பொடி. அப்புறம் சுண்டு.

சுண்டுக்கு இரண்டு வித்தை தெரியும். ஒன்று கடி. கழுத்தில் பல்லை இறக்கினால் எதிரி காலி. இன்னொன்று நகத்தால் கீறுவது. அதற்கு ஆட்டத்தில் மிச்சம் என்று பெயர். எவ்வளவு ஆழமாகக் கீறினாலும் எதிரியின் உயிரில் ஒரு சொட்டு மீதி இருக்கும், சாகாது. பிடிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வித்தை கிடையாது. பன்றியின் வயிறு திறந்து குடல் தரையில் விழுந்த பிறகும் அதன் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சிமிழை வீசினேன். மூன்று தரம் ஆடிவிட்டு நின்றது.

மேலிருந்து பூபாலன் அண்ணன்: "ஏன் அம்மிணி, அதுதான் உன்றகிட்ட இருக்குதே. பாவமில்லீங்களா அது?"

தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பாவம் பார்க்கிறவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சிரித்துவிட்டேன். அவர் ஒரு கரப்பானைக்கூடத் தாளில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிற ஆள்.

ஒன்றைக் குறித்துவைக்கிறேன். அடியில் ஏதோ தண்ணீரை அளைகிற சத்தம் காலையிலிருந்து கேட்கிறது. நாங்கள் சண்டை போடும்போது மட்டும் அது நின்றுவிடுகிறது.

பதிவு 3. மூன்றாம் வளையம். பகல் 12.40

தடியன் போய்விட்டான்.

பூரான்கள். ஒவ்வொன்றும் ஆள் நீளம். கருவாடு சுட்டுச் சுட்டுத் தள்ளியது, வளையம் முழுக்கக் கருகிய நாற்றம். ஒன்று மட்டும் தடியனின் கல் தோலில் இருந்த விரிசலுக்குள் நுழைந்துவிட்டது. அவன் சுவரில் முட்டிக்கொண்டே ஓடினான். உள்ளே தின்பது வெளியில் தெரிந்தது, தோல் அங்கங்கே எழும்பித் தாழ்ந்தது. சிமிழில் போட்டால் பூரானும் கூடவே போகும். சுண்டுவிடம் கடி என்றேன். இந்த முறை பிடிப்பதற்காக அல்ல. தடியனின் கழுத்தில் கடித்து அவனை முடித்துவைத்தது.

அழுதேன். ஆட்டம்தான் என்று தெரிந்தும் அழுகை வந்தது.

மேலிருந்து: "இப்பச் சண்ட இல்ல. இழுத்துறட்டுமா அம்மிணி? வடிவமைச்சவங்ககிட்டக் கேட்டனுங்க. அடியில இருக்கறதுக்கு அவுங்க சண்டையே சொல்லித் தரலியாம். எறங்கறவங்க போடற சண்டையப் பாத்து அதுவே கத்துக்குமாம். காத்தாலயிருந்து உன்றதத்தான் பாத்துட்டு இருக்குது. போதும், வந்துரு."

நான் சொன்னது இதுதான்: "அண்ணே, இன்னும் ஒண்ணுதாம் பாக்கி. அதயும் புடிச்சிட்டு வந்துருதேன்."

சரி என்று சொல்லியிருந்தால் அடுத்த நிமிடம் தொட்டியிலிருந்து எழுந்து டீ குடிக்கப் போயிருப்பேன்.

பதிவு 4. அடி. பகல் 1.30

சண்டை தொடங்கிவிட்டது. இனி இழுக்க முடியாது.

முழங்கால் அளவு தண்ணீர். நடுவில் அந்த மிருகம் இரண்டு ஆள் உயரத்தில் நிற்கிறது. சாம்பல் நிறம், ஈரத் தோல், முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நான்கு கைகள். மூன்றால் சண்டை போடுகிறது. நான்காவதை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்திருக்கிறது. அதில் காயமோ என்னவோ.

கருவாடு மேலிருந்து மின்னலைத் துப்பியது. அது எட்டிப் பிடித்து இரண்டு சிறகையும் வேரோடு பிய்த்து, மீனைத் தண்ணீரில் போட்டு மிதித்தது. நான் சுண்டுவுக்கும் அதற்கும் நடுவில் ஓடினேன். அது என் வலது முழங்காலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கியது. மடங்கியது. வெள்ளை எலும்பைப் பார்த்தேன். வலி அப்படியே இருக்கிறது, குறைக்கும் வசதி வேலை செய்யவில்லை.

பதிவு 5. அடி. பகல் 2.15

அடுத்த அடியில் மண்டையைப் பிளந்திருக்கலாம். பிளக்கவில்லை. மணிக்கட்டு. தோள். விலா. ஒவ்வொன்றாக, அவசரம் இல்லாமல். இடையில் என் பையைப் பறித்து மயக்கப்பொடியை என் முகத்திலேயே தூவியது. சிமிழ்களும் பையோடு போய்விட்டன. கண் செருகிச் செருகி வருகிறது. சுண்டு அதன் தொடையில் பல்லை இறக்கியது. அது சுண்டுவை எடுத்துக் கீழ்த்தாடையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தது. தாடை தொங்குகிறது. இனி சுண்டுவால் கடிக்க முடியாது. கொல்லாமல் கீழே விட்டுவிட்டது.

முதலில் கால். அடுத்து பொடி. அப்புறம்

புரிந்துவிட்டது. அது என்னைக் கொல்லப் பார்க்கவில்லை. அந்த நாலாவது கையில் காயம் எதுவும் இல்லை.

மேலிருந்து: "உன்ற நாடி கீழ போயிட்டே இருக்குது அம்மிணி. சண்ட முடிய மாட்டேங்குது, இழுக்க வழியில்ல. செத்துரு. எப்படியாச்சும் செத்துரு, முழிச்சுக்கலாம்."

அண்ணன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. சுவரில் தலையை மோதினேன். வலிக்கவில்லை. இந்த ஆட்டத்தில் சுவர் யாரையும் கொல்லாது. தண்ணீரில் முகத்தை அமுக்கினேன். மூச்சு முட்டவில்லை. மிருகம் அடித்தால்தான் இங்கே உயிர் குறையும்.

மிருகம் என்றால் என்னிடம் ஒன்று மீதி இருக்கிறது.

பதிவு 6. அடி. பகல் 2.30

சுண்டுவைக் கூப்பிட்டேன். தொங்கும் தாடையோடு தண்ணீரில் தத்தித் தத்தி வந்தது. என் கழுத்தைக் காட்டி, கடி என்றேன். அது கழுத்தில் வாயை வைத்தது. பல் இறங்கவில்லை, எச்சிலும் ரத்தமும்தான் வழிந்தது. மறுபடியும் சொன்னேன். அது என்னைப் பார்த்தது. தன்னால் முடிகிற ஒன்றைச் செய்தது.

நகத்தால் கீறியது. தோளிலிருந்து இடுப்பு வரை. என் சொல் கேட்டுத்தான் செய்தது, அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை அதற்குக் கற்றுக்கொடுத்தவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து, பிசகாமல் நிறுத்தும்வரை நூறு மிருகங்கள் மேல் பழக்கினேன். எவ்வளவு ஆழமாகக் கீறினாலும் ஒரு சொட்டு மீதி இருக்கும்.

என்னிடம் இப்போது ஒரு சொட்டு மீதி இருக்கிறது.

அந்தச் சாம்பல் மிருகம் அடிப்பதை நிறுத்திவிட்டது. குனிந்து என்னைப் பார்க்கிறது. முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்கிறது. கையில் உருண்டையாக

பதிவு 7. நேரம் தெரியவில்லை

சுற்றிலும் வளைந்த சுவர். இருட்டு இல்லை. கதகதப்பு. முழங்கால் நேராகிவிட்டது. வயிறு மூடிவிட்டது. விரல் நுனிகளில் ஏதோ தடிப்பாக முளைக்கிறது. மூன்று தரம் ஆட்டிப் பார்த்தேன். திறக்கவில்லை.

மேலிருந்து, ரொம்பத் தூரத்தில்: "சண்ட முடிஞ்சுதுன்னு காட்டுது. இழுத்துப் பாத்தேன் அம்மிணி. ஆளுக வரிசைல உன்ற பேரே இல்ல. மிருக வரிசைல இருக்குது. ஒடம்பு மூச்சு விடுது. கண்ணு தொறக்கல."

பதிவு 8. நேரம் தெரியவில்லை

திறந்தது. வெளியே விழுந்தேன். சுண்டு அங்கேயே சுவரோரமாகக் காத்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது.

முதல் உத்தரவு வந்தது. காதில் விழவில்லை, கைகால்களில் வந்தது. வேண்டாம் என்று நினைத்தேன். நினைப்பு மட்டும்தான் இப்போது என்னுடையது. என் கைகள் சுண்டுவைத் தூக்கின. அது என் மணிக்கட்டை நக்கியது. கைகள் எதிரெதிர்ப் பக்கமாகத் திரும்பின.

சுண்டுவுக்கு மிச்சம் வைக்கச் சொல்லி உத்தரவு இல்லை.

பதிவு 9. நேரம் தெரியவில்லை

பூரான்கள். பன்றிகள். பேர் தெரியாத எத்தனையோ. அடிக்கச் சொல்கிறது, அடிக்கிறேன். வாயெல்லாம் அடுத்தவர் ரத்தம். அது தினமும் என்னைப் பழக்குகிறது. பிசகாமல் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லித் தருகிறது. எனக்கு அது முன்பே தெரியும் என்று அதற்கும் தெரியும். அம்மா மேலே வந்திருக்கிறாளாம், தொட்டிக் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டே நிற்கிறாளாம். அண்ணன் சொன்னார்.

மேலிருந்து: "ஒரே ஒரு வழிதானுங்க இருக்குது. யாராச்சும் உள்ள வந்து உன்னயக் கொல்லோணும். மத்த மிருகத்துக்கு இல்லாத ஒடம்பு உனக்கு இங்க இருக்குது, செத்தா முழிச்சுக்குவ. வேற யாரும் எறங்க மாட்டேங்கறாங்க. நான் வாரேன்."

வராதீங்க அண்ணே என்று நினைத்தேன். எழுத்தாகிச் சுவரில் ஏறியது. படித்திருப்பார்.

பதிவு 10. அடி

வந்துவிட்டார். ஆய்வறையில் இருப்பதிலேயே பெரிய கரடியைக் கூட்டி வந்திருக்கிறார். ஈட்டி ஈட்டியாக இரும்பு மயிர். நான் தண்ணீரில் முதுகு காட்டி நின்றேன். கரடி ஒரே அடியில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் தலைவலியோடு விழித்து அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன். அடிங்க அண்ணே என்று கத்தினேன். வாயிலிருந்து வந்தது உறுமல்.

நான் திரும்பியதும் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். கரடியை ஏவுவதற்காகத் தூக்கிய கை அப்படியே நின்றது. "ஜெசி" என்றார். "அம்மிணி, நான்தான்."

அவ்வளவு நேரம் எனக்குப் போதும்.

கரடியின் கண்கள் முதலில். அப்புறம் தொண்டை. அது விழுந்து தண்ணீர் தலைக்குமேல் தெறித்தது. அண்ணன் ஓடவில்லை. ஓடத் தெரியாத மனுஷர்.

அடுத்து இறங்குகிறவருக்கு: எங்களைக் கண்டால் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். முகத்தைப் பார்க்காதீர்கள். எடுத்த எடுப்பில் கொல்லுங்கள். என்னையும், எனக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவரையும்.

முதலில் கால். முறிந்துவிட்டது. பொடி தூவியாயிற்று. மணிக்கட்டு. விலா. அவர் என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறார், கோபமாகக்கூட இல்லை. என் நகம் தோளிலிருந்து இடுப்பு வரை இறங்குகிறது. ஆழமாக. எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நிறுத்திவிட்டேன். அண்ணனிடம் இன்னும் ஒரு சொட்டு மீதி இருக்கிறது.

எனக்குப் பின்னாலிருந்து அந்த நாலாவது கை நீள்கிறது