அண்ணாவின் இடது கண்

வெள்ளிக்கிழமை இரவு

அண்ணா மருத்துவப் பரிசோதனையில் சித்தியடைந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கார்ப் பந்தயத்தில் ஓடப் போகிறார். அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன பந்தயத்தில் கார் புரண்ட நாளிலிருந்து அவருக்கு இடது கண் தெரிவதில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். கண் பார்க்கும் இடத்தில் தொங்கும் எழுத்து அட்டையை முன்னமே போனில் படம் எடுத்து வந்திருந்தார். மூன்று நாளாக அதை வரிவரியாக நான்தான் அவருக்குப் பாடமாக்கிக் கொடுத்தேன்.

"பிழைவிட்டால் அடிப்பியளோ, டீச்சர்?" என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

இன்று பின்னேரம் ரியூசனிலிருந்து என்னைக் காரில் ஏற்றி வந்தார். மான்கள் திரியும் கோட்டைப் பக்கம் இடப்புறமிருந்து ஒரு மான் றோட்டுக்கு இறங்கியது. அவர் வேகத்தைக் குறைக்கவேயில்லை. நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார்.

"கண்டனான்தானே, ஏன் கத்துறாய்?" என்றார்.

"ஞாயிறு ஓடாதேங்கோ, அண்ணா."

"இந்த முறை விட்டால் பிறகு ஒருத்தனும் எனக்குக் கார் தரமாட்டான். அம்மாட்டச் சொல்லிப்போடாத."

ஓம் என்று தலையாட்டினேன்.

பந்தயத்தில் இரண்டு பக்கமும் உரசுகிற மாதிரிக் கார்கள் வரும். அவருக்குப் பக்கத்தில் இருந்து கத்த யாரும் இருக்க மாட்டார்கள்.

விடிந்ததும் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அண்ணா என்னோடு கதைக்கவே மாட்டார். கதைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று எழுதத்தான் இவ்வளவு நேரமும் பார்க்கிறேன். ஏலாமல் இருக்கிறது.