மேப்பிள் இல்லாமல் மூன்றும் நகராது

மொன்டானா
ஜூன் இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள தங்கை நோரீனுக்கு அக்கா வெல்டா எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தான் ஆரினும் நலம். கோவேறு கழுதைகள் மூன்றும் நலம். உன் குதிரை மேப்பிளும் நலம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ இங்கே விட்டுப்போன சவாரி பூட்ஸை எடுத்துப் போட்டேன். உள்ளே போன கால் வெளியே வரவில்லை. ஆரின் என்னை அடுப்படித் தரையில் உட்காரவைத்து, பசுவுக்குப் பிரசவம் பார்க்கிறவர் மாதிரி ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். பூட்ஸ் வரவில்லை, நான்தான் வாசல்வரை வந்தேன். அன்று அதோடேயே தூங்கினேன். உன் சாமானை நான் ஏன் போட்டேன் என்று உனக்குக் கோபம் வரும். கொஞ்சம் பொறு, சொல்கிறேன்.

ஜூலை முதல் வாரம் டாலி ஓடைப் புல்வெளிக்குப் போகிறோம். கூடாரம் போட்டு, ஓடையில் மீன் பிடித்து, வேண்டிய மட்டும் இருந்துவிட்டு வருவது. நீயும் வருகிறாய். வரவில்லை என்று நீ எழுதியதைப் படித்தேன். கணுக்காலில் தகடு இருக்கிறது, இனிக் குதிரையே வேண்டாம், மேப்பிளைப் பக்கத்துப் பண்ணை ஃபெரிஸிடம் விற்றுவிடுங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். ஆரினுக்கும் படித்துக்காட்டினேன். வாயில் இருந்த பன்றிக்கறியை மென்று முடித்தார். அப்புறம் சொன்னார்:

"குதிரை அவளோடது. விக்கணும்னா அவளே வந்து கயித்தப் புடிச்சுக் குடுக்கட்டும். நான் குடுக்க மாட்டேன்."

ஓடாத ஜீப்பையே விற்க மனசு வராத மனுஷன், குதிரையையா விற்கப்போகிறார் என்றேன்.

ஆனால் ஃபெரிஸ் விடவில்லை. பேத்திகள் ஏறுவதற்குச் சாதுவான குதிரை வேண்டுமாம். நேரில் வந்து, மேப்பிளின் கயிற்றைப் பிடித்து வாசல் கேட்வரை நடத்திப் பார்த்தார். அவள் கழுத்து மணி கேட்டதுதான் தாமதம், டீக்கன், பிஸ்கட், மேயர் மூன்று கழுதையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி பின்னால் வரிசை கட்டிவிட்டன. ஃபெரிஸ் திரும்பிப் பார்த்துவிட்டு, "நான் ஒண்ணுதானேய்யா கேட்டேன்" என்றார். அவள் போய்விட்டால் இந்த மூன்றும் எங்களுக்கு முற்றத்தில் நிற்கும் மேஜை நாற்காலிதான். ராத்திரி காட்டில் அவளை மட்டும் கட்டினால் போதும், இவை மேய்ந்துகொண்டு அவளைச் சுற்றியே கிடக்கும். இது உனக்குத் தெரியாததா? இருந்தாலும் நீ விற்கச் சொன்னால் விற்றுத்தான் ஆக வேண்டும். ஜூலை முடிந்ததும் பதில் சொல்கிறோம் என்று ஃபெரிஸை அனுப்பிவைத்தோம். அதனால்தான் பயணத்தை அதற்கு முன்னால் வைத்தேன். என் சூழ்ச்சியை நானே சொல்லிவிட்டேன் பார்.

நீ விழுந்தது ஆகஸ்ட் கடைசியில். மண்ணுக்குள் குளவிகள் கொழுத்துக் கிடக்கும் காலம். முன்னால் ஆரின் ஏறிப்போன இரவல் குதிரை கூட்டை மிதித்தது, பின்னால் வந்த மேப்பிள் கொட்டு வாங்கினாள். துள்ளினாள், நீ விழுந்தாய், கால் முறிந்தது. இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாய். கடிவாளக் கயிறு உன் கையில்தான் சுற்றியிருந்தது. வயிற்றிலும் மூக்கிலும் கொட்டிக்கொண்டே இருக்க, அந்தக் கயிறு இறுகாதபடி அவள் நின்றாள். நான் வந்து கயிற்றை அவிழ்த்த பிறகுதான் ஓடினாள்.

ஜூலை தொடக்கத்தில் குளவிக்கூடு பெரிதாகியிருக்காது. வழியில் ஆற்றில் மட்டும் பனி உருகின தண்ணீர் அதிகம் வரும். அதற்காகப் பாலத்து வழியாகப் போகிறோம். சுற்றுவழிதான், உட்கார்ந்துகொண்டு வருகிறவளுக்கு என்ன வந்தது?

ஏறுவது எப்படி என்று யோசிப்பாய். எல்லாரும் இடது பக்கம் நின்று இடது காலை வைத்துத்தான் ஏறுவோம். உனக்கு அதுதானே தகடு வைத்த கால். அதனால் பனி உருகின நாளிலிருந்து மேப்பிளை வலது பக்கம் ஏறப் பழக்கிவிட்டேன். முதல் நாள், வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். இப்போது நான் வலது பக்கம் போய் நின்றாலே அவளும் காலை ஊன்றி நிற்கிறாள். என் எடையைத் தாங்கினவளுக்கு நீயெல்லாம் ஒரு சுமையா?

பூட்ஸ் கதையும் அதுதான். தடித்துப்போன கணுக்கால் பழைய பூட்ஸில் நுழையாது என்று டாக்டர் சொன்னதாகப் போன வருஷம் எழுதியிருந்தாய். என் கணுக்கால் எப்போதுமே தடிப்பு, உனக்கே தெரியும், சின்ன வயசில் எவ்வளவு கேலி செய்திருக்கிறாய். கம்பளிக் காலுறை இரண்டு மாட்டிக்கொண்டு, தோலில் தண்ணீர் தடவி, அதோடேயே மாட்டுக்கொட்டகை வேலையெல்லாம் பார்த்தேன். இடது பூட்ஸ் இப்போது நன்றாக இளகிவிட்டது. உன் கேலிக்கு இப்போதுதான் ஒரு உபயோகம் வந்தது.

சாமான் கட்டும் வேலை நடக்கிறது. ஆரின் இரும்பு தோசைக்கல் மாதிரி ஒரு வாணலியை விடமாட்டேன் என்கிறார். கரடிக்கு எட்டாத மாதிரி உணவுப் பெட்டியை மரத்தில் தூக்கிக் கட்ட வேண்டும், அந்த வாணலியையும் சேர்த்தால் மரமே குனிந்துவிடும் என்றேன். பொதியின் இரண்டு பக்கமும் ஒரே எடை வர வேண்டுமே, அதற்காக மறுபக்கம் கல் வைக்கிறாராம். காட்டுக்குக் கல் சுமந்து போகிற ஒரே ஆள் உன் அத்தான்தான்.

நாளைக்கு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மேட்டுக் காடுவரை ஒத்திகை போகிறோம். வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

செவ்வாய்

போனோம். ஏறுகிறவரை ஒரு குறையும் இல்லை. மேல் பாதையில் அடர்ந்த பைன் மரங்களுக்கு நடுவே மேப்பிள் மணியை ஆட்டிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள்.

மேலே போனதும் உன் கூடாரத்தை எங்கே போடுவது என்று எனக்கும் ஆரினுக்கும் தகராறு. டாலி ஓடையில் தண்ணீருக்குப் பக்கத்தில் போட வேண்டும், ஓடைச் சத்தம் இல்லாமல் அவள் தூங்கமாட்டாள் என்றார் அவர். கரையெல்லாம் உருட்டுக்கல், கால் பிசகும், மேட்டில்தான் போட வேண்டும் என்றேன் நான். பொதியை இறக்காமலேயே வெகுநேரம் சண்டை போட்டோம். மேப்பிளை நான் கட்டியிருப்பேன் என்று அவர் நினைத்தார், அவர் கட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன். மணிச் சத்தம் கீழ்ப்பாதையில் கேட்டபோதுதான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுப்பு, மாவு, வாணலி, வாணலிக்கு எதிர் எடையான கல் எல்லாம் அவள் பின்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டன. எங்களிடம் இருந்தது ஒரு காபிக் குவளை. அதை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கினோம்.

வந்து பார்த்தால் மேப்பிள் லாயத்துக்குப் போகவில்லை. பின்கட்டில் நீ வந்தால் தங்குகிற மரவீட்டு ஜன்னலில் போய் நிற்கிறாள், நீ காலையில் ஆப்பிள் கொடுப்பாயே, அங்கே. அவளுக்குப் பின்னால் மூன்றும் பொதியோடு வரிசையாக. ஓட்ஸ் காட்டினோம், நகரவில்லை. ஆரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வெல்டா, இதையும் எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

உன் மனசு என்ன சொல்கிறதோ அப்படியே செய், அக்கா தடுக்கமாட்டேன். விற்பதானாலும் சரி. வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய். பஸ் டிக்கெட் எடுத்ததும் ஒரு வரி போடு, ஆரின் பஸ் நிலையத்துக்கு வந்து நிற்பார். கால் வலி இல்லாமல், பயம் இல்லாமல், நல்ல தூக்கத்தோடு நீ இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டுக்கொள்ளும்

உன் அக்கா,
வெல்டா

பின்குறிப்பு: நீ வருவாய் என்று மரவீட்டைக் காற்றாட வைக்க ஜன்னலைத் திறந்து போட்டிருந்தேன். பூப்போட்ட திரையில் பாதியை மேப்பிள் தின்றுவிட்டாள். மீதியை மேயர் தின்றுகொண்டிருக்கிறான். வரும்போது புதுத் திரை ஒன்று எடுத்து வா; ஜன்னலை அளக்க வேண்டாம், பழைய அளவுதான்.