எண்ணெய் ஊற்றிய கடல்

மச்சான்,

இன்று காலை கோட்டைப்பட்டினம் கரையில் யாரோ வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். வாடை மூக்கில் ஏறியது. உடனே உன் ஞாபகம். நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிவிட்டது.

அறுபதுகளில் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்காக உன் வள்ளத்தில் ஏறினேன். கடலுக்குள் ஒரு சத்தத்தை விட்டு, அது நீர்மட்டத்தின் அடிப்பக்கம் பட்டுச் சிதறித் திரும்பும் முழக்கத்தை டேப்பில் பிடிக்க வேண்டும். ஒரு அலை போல் மறு அலை இராது. அதனால் நூற்றுக்கணக்கான தடவை அளந்து சராசரி பார்க்க வேண்டும். "ஒரே கேள்விய எத்தன தடவடா கேப்ப? கடலுக்குக் கோவம் வந்துராதா?" என்று சிரிப்பாய். நான் வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஆறு மாதத்தில் கணக்கு முடிந்தது. காற்றடித்து அலை எழுந்தால் முழக்கம் கூட வேண்டும்; ஆனால் காற்றடித்த நாளிலும் அது ஆச்சரியப்படும்படி குறைவு. புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியாமல் உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டிய ஆய்வேட்டுக் கட்டு கையில் இருந்தது. நான் சொல்லச் சொல்ல உன் முகம் சுண்டிப்போனது.

"மாப்ள, நீ வாந்தி எடுக்கிறதப் பாக்கச் சகிக்கல. காத்து அடிக்கிறப்பல்லாம் நாந்தான் அங்கிட்டு ஓரமா சுறா எண்ணெய விட்டுக்கிட்டு இருந்தேன். அல அடங்கும்ல."

சிற்றலை படுத்துவிட்டால் முழக்கம் எங்கிருந்து வரும்? ஆறு மாத உழைப்பும் பாழ். "முட்டாப்பயலே, என் பொழப்பக் கெடுத்துட்டியேடா!" என்று உன் வாப்பா முன்னாலேயே கத்தினேன். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் கட்டு போயிருக்கும், பட்டமும் வந்திருக்கும். அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் விடியலில் சுபுஹு தொழுத கையோடு என் அறை வாசலில் வந்து நின்றாய்.

"எண்ணெயக் கரையிலயே வச்சுட்டேன். கெளம்பு, மொதல்லருந்து அளப்போம்."

"என்னால முடியாது போடா."

"வாந்தி எடுத்துக்கிட்டே அள. நான் அங்கிட்டுத் திரும்பி ஒக்காந்துக்கிறேன்."

அப்படியேதான் மறுபடியும் ஆறு மாதம் அளந்தோம். காற்று ஏறும்போதெல்லாம் எனக்கு முதுகைக் காட்டிச் சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. புது எண்கள் கரடுமுரடாக வந்தன. என் கண்டுபிடிப்பு மிஞ்சவில்லை. பட்டம் தாமதமாக வந்தது, ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் கடலுடையது.

இப்போது என் மாணவர்கள் மழமழவென்று ஒரு கணக்கை நீட்டினால், "யாருப்பா எண்ணெய் ஊத்துனது?" என்று கேட்கிறேன். விழிப்பார்கள். உன் கதையைச் சொல்லி, மறுபடியும் அளக்க அனுப்புகிறேன். அன்று உன்னை முட்டாள் என்று திட்டியதை மட்டும் விட்டுவிட்டே சொல்லி வந்திருக்கிறேன், மச்சான். அதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்டதில்லை. நாளை வகுப்பில் அதையும் சேர்த்தே சொல்வேன்.