வீட்டுக்காரர் நாடகத்துக்கு ஒரு கடிதம்

1-3-88, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். மஞ்சள் வேகவைக்கும் அடுப்பு வேறு. வாங்க வேண்டியது: சீயக்காய், காப்பித்தூள், ஆண்டெனாவுக்கு ஒயர்.

சாயங்காலம் டி.வி.யில் வீட்டுக்காரர் நாடகம். குடிவர வருகிறவர்களிடம் வாடகையைச் சொல்வதற்கு முன் சாதியைக் கேட்கிற கிழவன். வாராவாரம் மூக்குடைபடுவான். இன்று தபால்காரருக்கென்று ஆணியில் தனி டம்ளர் மாட்டி வைத்திருந்தான். கடைசியில் டம்ளர் மாறிப்போய் அவனே அதில் காப்பி குடித்துவிட்டான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிற்றுவலி.

இவரும் சிரித்தார், ஆனால் வேறு இடங்களில். கிழவன் ஏமாறும்போது உச்சுக்கொட்டுகிறார். அடுத்தவனை அவன் விரட்டும்போது தொடையில் தட்டிச் சிரிப்பு. "மனுசன்னா இவந்தான் மனுசன். நறுக்குனு கேக்கறாம் பாரு." பதினாலு வருஷமாக இந்த மூளையோடு குடித்தனம்.

ஊருக்கு வெளியே வளவில் குடியிருக்கும் ஆட்கள் வழக்கம்போல எங்கள் களத்தில், சாக்கு விரித்து. ஜன்னல் வழியாகத் தெரிகிறவரை பார்ப்பார்கள். எல்லோருக்கும் முன்னால் அருக்காணி. எங்கள் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவள், நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறாள். தனி டம்ளர் வந்தபோது களத்தில் சத்தமே இல்லை. கொட்டகைக் கூரையில் அவளுடைய கொட்டாங்குச்சி செருகியிருக்கிறது. அதில் தினமும் காப்பி ஊற்றுவது நான்தான். உயரத்திலிருந்து.

4-3, வெள்ளி

இவருக்கு டி.வி.க்குக் கடிதம் போட ஆசை. ஞாயிற்றுக்கிழமை நேயர் கடிதம் படிக்கிறார்களே, அதில் பேர் வர வேண்டுமாம். இவருக்குப் பங்கு இருக்கிற சங்ககிரி லாரி ஆபீஸில் எல்லோரும் பார்ப்பார்களாம். இவர் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் இவர் சொல்ல, நான் எழுத.

"உங்க வீட்டுக்காரரு நல்ல மனுசருங்க. நாங்களும் அப்படித்தானுங்க. அந்த மாதிரி பத்துப் பேரு இருந்தா நாடு உருப்படுமுங்க. எழுதிட்டயா புள்ள?"

அந்த நாடகம் இவரைப் போன்றவர்களைத்தான் கேலி செய்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போன மாதம் சீர் வீட்டில் அத்தனை சொந்தக்காரர்களுக்கு நடுவில், "இவ பத்தாவது படிச்சு என்னத்தக் கிழிச்சா, ரசத்துக்கு உப்புப் போடத் தெரியல" என்று இவர் சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு வரி நானே சேர்த்தேன்: எங்கள் வீட்டு வேலைக்காரிக்கு இன்றைக்கும் கொட்டாங்குச்சியில்தான் காப்பி. கீழே இவர் முழுப்பெயர், ஊர்.

கவரை நக்கி ஒட்டும்போது கோந்து தித்தித்தது.

20-3, ஞாயிறு

படித்துவிட்டார்கள்!

மூன்று ஞாயிறாக லாரிப் பங்குக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது வீண்போகவில்லை. பேர் வந்ததும் இவர் எழுந்தே நின்றுவிட்டார். கொட்டாங்குச்சி வரி வந்தபோது டி.வி.யில் கடிதம் படித்தவர் பக்கத்திலிருந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். படித்தவர் சொன்னார்: "நேயரே, உங்களைப் பார்த்துத்தான் இந்த நாடகத்தை எழுதினார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது."

பங்குக்காரர் தலையைத் தூக்கி ஃபேனைப் பார்த்தார். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் அந்தச் சிரிப்பு. பொம்பளைச் சிரிப்பு, அடக்கி அடக்கி வெடித்தது.

சிரித்தது நான். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று. முந்தானையை வாயில் திணித்தும் நிற்கவில்லை.

"எவடி அவ சிரிச்சது?" இவர் ஜன்னலைப் பார்த்துக் கத்தினார். களத்தில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "கொட்டாங்குச்சின்னு நாஞ் சொல்லவே இல்லியே. நீயா எழுதுன?"

"அது கெடக்கட்டும் உடுங்க. சிரிச்சது அருக்காணிங்க. அவளுக்கு வந்த கொழுப்பப் பாருங்க."

தயங்கக்கூட இல்லை நான். இவர் செருப்போடு களத்துக்குப் போனார். மூன்று அடிவரை எண்ணினேன். அப்புறம் பங்குக்காரருக்குக் காப்பி கலக்கப் போய்விட்டேன்.

21-3, திங்கள்

ஜன்னலுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தாயிற்று. களத்தில் இனி யாரும் உட்காரக் கூடாது. அ.வுக்கு வேலை இல்லை. சுற்றுவட்டத்துத் தோட்டங்களிலும் இவர் சொல்லிவிட்டார், ஒருத்தரும் சேர்க்க மாட்டார்கள்.

பதினோரு மாட்டுச் சாணியும் நான் அள்ளினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. அவளை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை, இடுப்பை நினைத்து வந்தது.

22-3, செவ்வாய்

மத்தியானம் அ. கொட்டகைக்கு வந்தாள். இடது காது வீங்கி, கண் வரைக்கும். கூரையிலிருந்து கொட்டாங்குச்சியை உருவி என் காலடியில் வைத்தாள்.

"நீங்க சிரிச்சத நாம் பாத்தனுங்க பண்ணாடிச்சி. சன்னலுக்கு நேராத்தான் உக்காந்திருந்தேன். நீங்களும் என்னயப் பாத்தீங்க."

உண்மைதான். பார்த்தேன்.

"அப்பறம் ஏன்டி நீ வாயத் தொறக்கல?"

"சொல்லியிருந்தா உங்களுக்கும் உழுந்திருக்குமுங்க. அதுக்குஞ் சேத்து எனக்குத்தான உழுகும்?" காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "ஒன்னே ஒன்னு கேக்கோணுமுங்க. அந்தக் கடுதாசில எம்பேரு போட்டீங்களா?"

"இல்ல. வேலைக்காரின்னு எழுதுனேன்."

"பேரயாச்சும் போட்டிருக்கலாமுங்க."

போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபம் அவள் மேல். கொட்டாங்குச்சியைத் தூக்கி மஞ்சள் அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது.

சாயங்காலம் மறுபடி வீட்டுக்காரர் நாடகம். கடிதம் படித்தவன் மேல்தான் இவருக்குக் கோபமாம், கிழவன் மேல் இல்லையாம். "ஏம்புள்ள, போட்டுட்டான், வா." ஜன்னல் அடைத்ததில் அறைக்குள் ஒரே புழுக்கம். போய் உட்கார்ந்தேன். யாரோ ஒருவரைக் கிழவன் வாசலிலேயே நிறுத்தி விரட்டினான். இவர் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

நானும் சிரித்தேன்.