பிடியரிசிப் பங்குகள்

திட்டுவிளை,
1936 ஆகஸ்டு 16

அன்புள்ள செல்வதாசுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காள் பூங்கனியும் கர்த்தர் தந்த அளவில் சுகமாயிருக்கிறோம். நீயும் குளோரியும் பிள்ளைகளும் சென்னையில் நன்றாயிருக்க வேண்டுமென்று சாயங்கால ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்லாத நாளில்லை. ஓணத்துக்கு முன் கன்னிப்பூ நெல்லை அறுத்துவிடலாம் என்றிருந்தவர்களை மழை தடுத்துவிட்டது. பூதப்பாண்டி வயல்களில் கதிர் சாய்ந்து கிடக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு வானத்தையும் வயலையும் பார்ப்பதுதான் உத்தியோகம்.

சித்திரையில் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. ஆடிட்டர் வேலை என்றால் சும்மாவா, கணக்கு மூடுகிற சமயமாயிருக்கும் என்று அக்காள் உனக்காகப் பரிந்து பேசினாள். நானும் ஒத்துக்கொண்டேன்.

இப்போது கட்டாயம் பதில் வேண்டும். ஐக்கிய தென்திசை பாங்கின் நாகர்கோவில் கிளை பூட்டிக் கிடக்கிறது. கதவில் நோட்டீசு ஒட்டியிருக்கிறார்கள். பாங்கில் பணமே இல்லையாம், பங்குக்கு இனிக் காலணாவும் கிடையாதாம். நம் சபைப் பெண்கள் சங்கத்தின் பணமெல்லாம் அந்தப் பங்குகளில்தான் இருக்கிறது. உன் அம்மாள் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுபோவாளே, அந்தப் பிடியரிசியை ஏலம் விட்டுச் சேர்த்த பணம். பிரசவ வேதனையில் கட்டிலோடு நாகர்கோவிலுக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே பெண்கள் சாகிறார்கள் என்று, இங்கேயே ஒரு பிரசவ அறை கட்டச் சேர்த்தது.

போன வருஷம் பாங்கின் அச்சடித்த கணக்கைப் போதகர் எங்களுக்கு வாசித்தார். அடியில் "பரிசோதித்தேன், சரியாயிருக்கிறது" என்று உன் பெயர் இருந்தது. பங்கு என்றால் என்ன என்று ஒருத்தியும் கேட்கவில்லை. "நம்ம செல்வம் பாத்ததாக்கும்" என்றார்கள். அதோடு வாங்கிவிட்டார்கள். அந்தக் கையெழுத்து உன்னுடையதுதானா, இல்லை பாங்குக்காரர்களே போட்டுக்கொண்டதா என்று இப்போது கேட்கிறார்கள். ஒரு வரி எழுது.

இனி அக்காள் சொல்லச் சொல்ல எழுதுவது:

"ஏலே செல்வம், வேல கூடினா அக்காவ மறந்துபோவுமா மக்கா? நாரத்தங்கா ஊறுகா போட்டு வச்சிருக்கேன், கொண்டுதர ஆளில்லாம கெடக்கு. பாங்கு காரியம் எனக்கு மனசிலாவாது. நீ பேடிக்காண்டாம், பயப்படாத. எங்க செல்வம் களவு காட்டமாட்டான்னு நான் எல்லாத்துக்கிட்டயும் சொல்லியாச்சு."

அன்புள்ள அத்தான்,
ஏசுஅடிமை


சென்னை,
1936 செப்டம்பர் 4

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் அக்காளின் குரலைக் கேட்டதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கையெழுத்து என்னுடையதுதான். ஆனால் பாங்கின் இயக்குநர்கள் காட்டிய கணக்கைத்தான் நான் பார்த்தேன். அவர்கள் மறைத்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

ஆடிட்டர்களை விசாரிக்கிற போர்டு என்மேல் குற்றச்சாட்டு அனுப்பியிருக்கிறது. குற்றம் நிரூபணமானால் சர்க்கார் கொடுத்த என் சர்டிபிகேட்டை ரத்து செய்து, பதிவேட்டில் என் பெயரை அடித்துவிடுவார்கள். பிறகு நான் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் கையெழுத்துப் போட முடியாது. இந்த வயதில் வேறு என்ன செய்வேன்?

வியாபாரிகள் கொடுத்த புகார்களுக்கு வக்கீல் பதில் வைத்திருக்கிறார். நம் பெண்கள் சங்கத்தின் பெயரால் போதகர் எழுதிய புகார்தான் கழுத்தைப் பிடிக்கிறது. பிடியரிசி என்ற வார்த்தையைக் கேட்டதும் போர்டாருடைய முகமே மாறுகிறதாம். அந்தப் புகாரை வாபஸ் வாங்கினால் கண்டித்து விட்டுவிடுவார்கள் என்கிறார். அதற்கான தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். பெண்கள் எல்லாரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்.

அத்தான், அதை வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. சட்ட வார்த்தைகளைக் கேட்டால் கலங்கிப்போவார்கள். அக்காள் சொன்னால் யாரும் தட்டமாட்டார்கள்.

தங்கள் பிரியமுள்ள மைத்துனன்,
செல்வதாஸ்


திட்டுவிளை,
1936 செப்டம்பர் 21

அன்புள்ள செல்வதாசுக்கு,

தாள் இத்துடன் திரும்பி வருகிறது. அதில் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பொறுமையாக வாசி.

அக்காள் வாரம் முழுவதும் வீடு வீடாகப் போனாள். "எக்கா, ஒங்க தம்பி எங்களுக்கும் தம்பிதானே, எங்க ஒப்பு வைக்கணும்னு காட்டித்தந்தா போரும்" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் கலையாமல் கோவிலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

நீ அனுப்பிய தாளில், "ஆடிட்டரின் கையெழுத்தை நாங்கள் பார்க்கவுமில்லை, அதை நம்பிப் பங்கு வாங்கவுமில்லை" என்று ஒரு வரி இருந்தது. அவர்கள் நம்பியது அது ஒன்றைத்தானே. விஷயம் தெரிந்தால் இன்னும் மனமுவந்து மன்னிப்பார்கள் என்று நினைத்தேன். அக்காள் என் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, "வாசிக்காண்டாம் கேட்டியளா, பேனாவ எடுத்துக் குடுத்தா போரும்" என்றாள். நான் வாசித்தேன்.

ஆடிட்டர் என்றால் யார் என்று ஒரு பெண் கேட்டாள். நான் ஒரு உதாரணம் சொன்னேன். பிடியரிசியை ஏலம் விடும்போது ஏலம் கேட்கிற ஒவ்வொருவரும் பானைக்குள் கை விட முடியாது. அதனால் ஒரு ஆளை வைக்கிறோம். அவர் அடிவரை கையை விட்டு அளைந்து பார்த்து, நல்ல அரிசி என்று சொல்வார். அந்தச் சொல்லை நம்பித்தான் மற்றவர்கள் விலை கேட்பார்கள். பானை பாங்கு, அந்த ஆள் நம் செல்வம் என்றேன். எல்லா முகத்திலும் தெளிவு வந்தது. வகுப்பில் அப்படித் தெளிவு வரும்போது எனக்கு உண்டாகிற சந்தோஷம் அன்றைக்கும் உண்டானது.

ஓலைப்பாய் முடைகிற விதவை நேசபாய் பின்வரிசையில் இருந்தாள். "அப்போ சாரே, செல்வம் கைய விட்டுப் பாத்துதா, பாக்காம சொல்லிச்சா?"

"பாத்துதான் சொல்லியிருப்பான்."

"உள்ள உமிதான் கெடந்ததுன்னு இப்பம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே."

"ஆமா."

"அப்போ உமியத் தொட்டுப் பாத்துக்கிட்டாக்கும் அரிசின்னு சொன்னது?"

நல்ல கேள்வி என்று பாராட்ட என் வாய்வரை வந்துவிட்டது, செல்வம். பிறகுதான் யாரைப் பற்றிய கேள்வி என்று உறைத்தது.

யாரும் உன்னை ஏசவில்லை. ஒருத்தி பசுவை அவிழ்த்துக் கட்டவேண்டும் என்றாள். இன்னொருத்தி, "காலத்தே எந்திச்சு உரல்ல இடிச்ச கை, பேனா பிடிக்க வளையமாட்டேங்கு எக்கா" என்று சிரிக்கப் பார்த்தாள். நேசபாய் மட்டும் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிக்கச் சொன்னா மன்னிச்சாச்சு. நாங்க நம்பல்லன்னு எழுதினா அது பொய்யில்லியா எக்கா?" என்றாள்.

வீடுவரை அக்காள் எனக்கு முன்னால் நடந்தாள். படியேறும்போது, "எங்க அம்ம அவன என் கையில தந்துட்டாக்கும் கண்ண மூடினா" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை.

உன்னிடம் கேட்க வேண்டியதை நேசபாய் என்னிடம் கேட்டாள். நான் உன்னிடம் கேட்கிறேன். நீ கையை விட்டுப் பார்த்தாயா?

அத்தான்,
ஏசுஅடிமை


சென்னை,
1936 செப்டம்பர் 30

அத்தானுக்கு,

தாள் வந்தது. கையெழுத்து வாங்கித் தரச் சொன்னேன். பாடம் நடத்தச் சொல்லவில்லை.

எதையும் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் புரியும்படி சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. உங்கள் பானை உதாரணத்தால் எனக்கு இந்தத் தொழில் போகும். நான்கு பேர் சாப்பிடுகிற தொழில். போர்டின் முன்னால் நான் வெறுங்கையோடு நிற்கப்போகிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வக்கீல் இல்லாமல் பதில் எழுத முடியாது.

செல்வதாஸ்


திட்டுவிளை,
1937 ஜனவரி 10

அன்புள்ள செல்வதாசுக்கு,

உன் கோபம் என்னிடத்தில் பத்திரமாயிருக்கட்டும். அதற்குப் பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்திய இரண்டுக்கும் பதில் இல்லை.

போர்டின் முன் வந்து சாட்சி சொல்ல எனக்குச் சம்மதம். உன்னைப் பற்றி நான் அறிந்ததையெல்லாம் சொல்வேன். காலரா வந்த வருஷம் யாரும் தொடாத பிணங்களை நீ தூக்கியதைச் சொல்வேன். கணக்கைப் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது என்பேன். அதற்குமேல் பொய் சொல்லச் சொல்லாதே, எனக்கு வராது. அந்தத் திறமை இருந்தால் இந்த வீடு இப்போது இப்படி இருக்காது. அக்காள் நேரத்துக்குச் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்கிறாள்.

போன மாதம் பிடியரிசி ஏலம் நடக்கவில்லை. எந்தப் பெண்ணும் பானை கொண்டுவரவில்லை. மறந்துபோச்சு என்கிறார்கள். தினமும் மூன்று வேளை அடுப்பெரிக்கிறவர்களுக்கு அது மறக்குமா? அக்காள் தன் பொறுப்பிலிருந்த சங்கப் பெட்டிச் சாவியைப் போதகர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று ஒருவரும் தடுக்கவில்லை.

இன்னொன்று. எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். சங்கம் வாங்கிய பங்குகள் பாங்கிலிருந்து நேராக வந்தவை அல்லவாம். முன்பு வேறொருவர் வைத்திருந்ததை வாங்கி மாற்றியவையாம். விற்றவர் பெயர் குளோரி என்று அவற்றை வாங்கித் தந்த தரகன் கடைத்தெருவில் சொல்லித் திரிகிறான். குளோரி என்ற பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அக்காளிடம் இதைச் சொல்லவில்லை.

அத்தான்,
ஏசுஅடிமை


சென்னை,
1937 மார்ச் 19

அத்தானுக்கு,

உத்தரவு வந்துவிட்டது. சர்டிபிகேட் ரத்து. பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டார்கள். இத்தனை வருஷம் என்று கெடு எதுவும் இல்லை, உயிரோடிருக்கும்வரை. கிரிமினல் வழக்கும் வரலாம். வாசலில் இருந்த பெயர்ப்பலகையை நானே கழற்றி உள்ளே சுவரோரம் திருப்பி வைத்தேன்.

வந்தாலும் இனி வக்கீலைக் கேட்டுக்கொண்டிருக்கப்போவதில்லை, பதில் எழுதுகிறேன். கையை விட்டுப் பார்த்தேன். உங்கள் குளோரி என் குளோரிதான்.

முதல் வருஷம் கணக்கு முடித்தபோது இயக்குநர்கள் அவள் பெயரில் பங்குகள் எழுதித் தந்தார்கள். அடுத்த வருஷம், அவர்கள் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்ட கடன் திரும்பி வராது என்று கண்டுபிடித்தேன். அதை எழுதினால் பங்கின் விலை விழும், குளோரியின் பங்குகளும் விழும். நல்ல கடன் என்று கையெழுத்துப் போட்டேன். விலை ஏறியது. தெற்கே கேள்வி கேட்காத இடமாய்ப் பார்த்து விற்கும்படி தரகனிடம் சொன்னேன்.

நம் சங்கம் வாங்கியது முதலில் எனக்குத் தெரியாது. சித்திரையில் உங்கள் கடிதத்தில் நீங்களே சந்தோஷமாக எழுதியிருந்தீர்கள். அன்றைக்குப் பாங்கு திறந்துதான் இருந்தது. விற்றுவிடுங்கள் என்று ஒரு கார்டு போட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். போட்டால் விஷயம் பரவும். இரண்டு தடவை கார்டை எடுத்து, எழுதாமலே வைத்துவிட்டேன்.

அந்தத் தாள் இருந்திருந்தால் கண்டனத்தோடு இல்லாவிட்டாலும் சில வருஷத் தடையோடாவது விட்டிருப்பார்கள் என்று வக்கீல் இன்னும் சொல்கிறார். மெய்யோ பொய்யோ, எனக்குத் தெரியாது.

குளோரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தினமும் மத்தியானம் கடற்கரைக்குப் போகிறேன். நேற்றுத் திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. ஆனாலும் வந்தேன். அக்காளிடம் நான் சுகம் என்று சொல்லுங்கள்.

செல்வதாஸ்


திட்டுவிளை,
1937 மார்ச் 25

செல்வம்,

நீ சுகம் என்று மட்டும் அக்காளிடம் சொல்லச் சொன்னாய். கடிதத்தை அவள் என் கையில் பார்த்துவிட்டாள், வாசிக்கச் சொன்னாள். விட்டு விட்டு வாசிக்க எனக்குத் தெரியவில்லை, முழுவதும் வாசித்தேன். குளோரியின் பங்குகள் என்ற இடம் வந்ததும் அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். கடற்கரை என்ற இடத்தில் எழுந்துவிட்டாள்.

"களவு செஞ்சான், நான் கேட்டாச்சு. இனி அதச் சொல்லாண்டாம். அவன் தனிச்சுக் கெடக்கான். நான் அவன்கிட்ட போறேன்."

நானும் கூட வருகிறேன் என்றேன். "நீங்க வராண்டாம். அங்க வந்தும் அவனுக்கு எதயாவது வெளக்கிக் குடுப்பிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். அரிசி எந்தப் பானையில், புளி எந்தப் பானையில் இருக்கிறது என்று காட்டித் தந்தாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்டு எழுதமாட்டேன்.

நேசபாய்க்கும் மற்றப் பெண்களுக்கும் உன் கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. இங்கே யாரும் என்னிடம் எதையும் கேட்பதில்லை.

அந்தத் தாளை நான் வாசிக்காமல் இருந்திருந்தால் என்று தினமும் நினைத்துப் பார்க்கிறேன். அதற்கு ஒரு உதாரணம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை நான் அவளைத் திருநெல்வேலிவரை பஸ்ஸில் கூட்டிப்போய், ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிடுவேன். வியாழக்கிழமை காலையில் எழும்பூரில் இறங்குவாள். அதுவரை நீ கடற்கரைக்குப் போகாதே. வருகிறவளை ரயிலடியில் காக்க வைத்துவிடாதே.

போன மழைக்காலத்துக்குப் பிறகு அவளுக்குப் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. உனக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தாள். எட்ட நின்றால் உன் முகம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பார்ப்பார்களே என்று தூணோரம் ஒதுங்கி நிற்காதே. பெட்டியருகே வந்து, "எக்கா" என்று சத்தமாகக் கூப்பிடு.

ஏசுஅடிமை