பூவின் நிறம் பார்க்கப் போனது

யூட்டா,
ஆகஸ்ட் 1991

அன்புள்ள மச்சானுக்கு, அப்ரோஸ் ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் இருமல் நின்றதா? மாமி நலமா? நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே காயவைத்துத் தாளில் ஒட்டிய செடிகளை வைத்துத்தான் என் ஆராய்ச்சி. ஒரு காட்டுப்பூவின் நிறத்தை ஒரு தாளில் வெள்ளை என்றும் இன்னொன்றில் ஊதா என்றும் குறித்திருக்கிறார்கள். காய்ந்த பூவோ வெறும் பழுப்பு. நேரில் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. கூடப் படிக்கும் மார்த்தாவோடு பாலைவனத்துப் பள்ளத்தாக்குக்குப் போனேன். செடிகளைக் கண்டோம், எல்லாம் மொட்டு. அதற்குள் எங்கோ பெய்த மழை செம்மண் வெள்ளமாக வந்துவிட்டது. பாறைமேல் ஏறிக்கொண்டோம். பயப்படாதீர்கள், என் செருப்பு மட்டும்தான் போனது. செடிகளும் போய்விட்டன.

போனில், "ஏட்டி, எப்பம் வார?" என்று கேட்டீர்களே, அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வருடம் பூக்கும்வரை இங்கேதான் இருக்க வேண்டும், மச்சான். கோபமென்றால் திட்டியாவது எழுதுங்கள்.

செடிகளை அழுத்தி வைக்கப் பழைய தமிழ்ப் பேப்பர் அனுப்புங்கள். நம் ராஜபாளையம் கடையில் பொட்டலம் மடித்து மிஞ்சியதானாலும் போதும். இங்கே பேப்பருக்குப் பஞ்சமில்லைதான். இருந்தாலும் அனுப்புங்கள்.

மார்த்தா ஹாரன் அடிக்கிறாள். மறுபடி பள்ளத்தாக்குக்குத்தான் போகிறோம், வேராவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க.

உங்கள்
அப்ரோஸ்