பிலோமினா அக்கா வீடு

என் அம்மாவுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதப் போகிறேன். அழகுக்காக ஒன்றைக் கூட்டவும் மாட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கிறதே என்று ஒன்றை விடவும் மாட்டேன். உன் ஓராண்டு நினைவாக ஏதாவது எழுதித் தரும்படி மாதாகோயில் மாத இதழுக்காகச் சாமியார் கேட்டார். பெரியவர்களுக்கு எழுதும்போது 'தாங்கள்' என்று எழுதப் பள்ளியில் சொல்லித் தந்திருக்கிறார்கள். உன்னை அப்படி அழைத்தால் வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று திரும்பிப் பார்ப்பாய். அதனால் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்களே என்று யோசித்தேன். படிக்கட்டும். அவர்களில் பாதிப் பேர் நம் வீட்டில் சாப்பிட்டவர்கள்தானே?

இன்று காலை உனக்குப் பூசை நடந்தது. இன்று சாயங்காலப் படகில் அத்தை என்னைத் தான் இருக்கும் பத்து காவான் என்கிற தோட்டத்துக்குக் கூட்டிப் போவதாக ஏற்பாடு. "வயசுக்கு வந்த புள்ள, நீ வேலைக்குப் போயிட்டா கடைத்தெரு மாடியில தனியா இருக்கலாமா அண்ணே?" என்று போன மாதம் அத்தை கேட்டதும் அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். அத்தைக்கு என்மேல் இருக்கிற பிரியம் எனக்குத் தெரியும். ஆனால் நான் படிக்க வேண்டிய வகுப்பு அந்தத் தோட்டத்துப் பள்ளியில் கிடையாது. நான் போய்விட்டால் அப்பா இந்த அறையைக் காலி செய்துவிட்டு, துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணிகள் கூட்டாகத் தங்கும் வீட்டுக்குப் போய்விடுவதாக இருந்தார். அதாவது அம்மா, இன்றோடு நம் வீடு என்று ஒன்று இருக்காது என்று ஆகியிருந்தது. நேற்றே என் பெட்டியைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டேன்.

இந்த வீட்டுக்கு வந்திராதவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஹனீபா நானாவின் தையற்கடைக்கு மேலே ஓர் அறை. பின்பக்கம் ஓர் அடுப்படி. அவ்வளவுதான். பக்கத்துக் கடையில் மிளகாய் அரைக்கும் நாளில் எல்லோரும் தும்முவோம். கப்பலில் புதிதாக வந்தவர்கள் அழுவதற்கு அது நல்ல சாக்கு என்பாய் நீ.

நாகப்பட்டினத்துக் கப்பல் வந்து, நோய் இல்லை என்று தெரியும்வரை ஆட்களைத் தீவில் தடுத்துவைத்து வெளியே விட்டபிறகு, நம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும். மருந்து நெடியோடு வருவார்கள். ஊர்க்காரர், ஊர்க்காரருக்குத் தெரிந்தவர், யார் என்றே புரியாதவர். நீ பேர்கூடக் கேட்கமாட்டாய். முதலில் வெந்நீர் வைப்பாய். கட்டில் கால்களுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தியிருந்தாய், பெட்டிகள் எல்லாம் அடியில் போக. நடுவே ஒரு சேலையைக் கட்டினால் பெண்கள் பக்கம் வேறு, ஆண்கள் பக்கம் வேறு. சோறு குறைவாக இருக்கும் நாளில் ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவாய். சூடாக இருந்தால் மெதுவாகச் சாப்பிடுவார்கள், மெதுவாகச் சாப்பிட்டால் கொஞ்சச் சோறும் நிறைந்த மாதிரி இருக்கும் என்று என் காதில் சொல்வாய்.

"நிக்க இடம் இருந்தா உக்காரலாம். உக்கார இடம் இருந்தா படுக்கலாம்" என்பாய்.

"அது தப்பும்மா. நீளம், அகலம் பெருக்கிப் பாரு, படுக்கிறதுக்கு நிறைய இடம் வேணும்" என்று நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வருவேன்.

"உன் கணக்கு உன் ஸ்கூல்லயே இருக்கட்டும்லா. போய் அந்தப் பாயை விரி."

பாய் விரிப்பேன். எல்லோருக்கும் இடம் இருக்கும். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இன்னொன்றும் புரியவில்லை. அத்தனை பேர் படுத்திருந்த நாட்களில் நீ எங்கே படுத்தாய்? நான் எப்போதும் உனக்கு முன்னாலேயே தூங்கிப் போவேன். நீ எனக்கு முன்னாலேயே எழுந்திருப்பாய். எங்கேயம்மா படுத்தாய்?

நீ போனபிறகு ஒருவரும் வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை. பெண்பிள்ளை இல்லாத வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவது என்று கூச்சம். தெருவில் பார்த்தால் என் தலையைத் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். நானும் ஒரு பெண்பிள்ளைதான் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அதை இன்று அத்தைக்குக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். பள்ளியில் வீட்டு நிர்வாகப் பாடத்தில் கன்னியாஸ்திரி சொல்லித் தந்தபடி, விருந்தினரை எப்படி உபசரிப்பது என்று வரி வரியாகப் படித்து வைத்திருந்தேன். ஹனீபா நானாவிடம் துணி வெட்டும் மேசையும் நாற்காலிகளும் கேட்டேன்.

"எல்லாத்தையும் மேல கொண்டு போயிட்டா ஆளுங்க எங்கம்மா நிப்பாங்க?" என்றார் அவர்.

"நிக்க மாட்டாங்க நானா, உக்காருவாங்க" என்றேன்.

உன் வெள்ளைப் படுக்கை விரிப்பை மேசைமேல் விரித்தேன். மூலைகளைப் பாடத்தில் உள்ளபடி மடித்தேன். கோப்பைக்கு அடியில் தட்டு, தட்டில் கரண்டி. பூசை முடிந்து அத்தை, மாமா, மாமாவுடைய அண்ணன் மூவரும் அப்பாவோடு படியேறி வந்தார்கள். மாமாவின் அண்ணனை நான் பெரிய மாமா என்று கூப்பிடுவது உனக்குத் தெரியும். வயதில் மூத்தவரை முதலில் அமர்த்த வேண்டும் என்பது விதி. அமர்த்தினேன்.

பிறகுதான் வந்தது வினை. கணவனுடைய அண்ணன் உட்கார்ந்திருக்க, அவர் எதிரே தம்பி மனைவி நாற்காலியில் உட்காரும் வழக்கம் நம்மிடம் உண்டா? எனக்குத் தெரியாததா? விரிப்பின் மூலையை மடிக்கிற யோசனையில் அதை மறந்தே போனேன். அத்தை உட்காரவில்லை. அடுப்படிக்கு நழுவிவிடலாம் என்றால் வழியை மேசை அடைத்திருந்தது. மேசைக்கும் சுவருக்கும் நடுவே, முக்காட்டை இழுத்துவிட்டபடி அத்தை மாட்டிக்கொண்டு நின்றார். அண்ணனுக்குச் சமமாக உட்காரக் கூசிய மாமா நாற்காலி நுனியில் தொத்திக்கொண்டிருந்தார். அப்பா உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேநீர் ஆறியது.

"என்னம்மா செசிலி" என்றார் பெரிய மாமா. "டீ குடிக்கக் கூப்பிட்டியா, சாட்சி சொல்லக் கூப்பிட்டியா? மேஜிஸ்திரேட்டு எப்ப வருவாரு?"

அத்தை விரிப்பைத் தடவிப் பார்த்தார். "இது நான் அண்ணிக்குக் குடுத்த படுக்கை விரிப்புல்ல? இதுமேலயா டீ வச்சிருக்கே?"

பெட்டி கதவோரம் இருந்தது. வீட்டை நடத்த எனக்குத் தெரியாது என்பதை நானே நாற்காலி போட்டு நிரூபித்துவிட்டேன்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம். தகரப் பெட்டியோடு ஓர் ஆள். பின்னால் கைக்குழந்தையோடு ஒரு சின்னப் பெண், என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். அதே மருந்து நெடி.

"பிலோமினாக்கா வீடு இதுதானுங்களா?" என்றாள் அவள். "அந்தோணி அண்ணன் சொன்னாரு. கடைத்தெருவுல அக்கா பேரைச் சொன்னாப் போதும்னாரு. சுங்கை பாக்காப் தோட்டத்துக்குப் போகணும். அக்கா இருக்காங்களா?"

அந்தோணி அண்ணனை நினைவிருக்கிறதா? இரண்டு நாள் தங்கப் போகிறேன் என்று வந்து ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தாரே, அவர்தான். விடுப்பில் ஊருக்குப் போனவர், உன் செய்தி தெரியாமலே இவர்களை அனுப்பியிருக்கிறார்.

பெரியவர்கள் யாராவது பதில் சொல்வார்கள் என்று பார்த்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா இறந்துட்டாங்க" என்றேன். "இன்னிக்கு ஒரு வருஷம். நான் அவங்க மக. உள்ள வாங்க."

"ஐயோ" என்று அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அவள் புருஷன் கீழே வைத்த பெட்டியை மறுபடி தூக்கினான். "நாங்க வேற எங்கயாச்சும் பாத்துக்கிறோம் தங்கச்சி. இங்க இடமும் இல்லியே."

உண்மைதான். ஒரு கால் வைக்க இடமில்லை. நாற்காலிகள் தின்றது போக நம் அறையில் மிச்சம் ஒன்றுமில்லை. நான் யோசிக்கவில்லை அம்மா. யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

"பெரிய மாமா, எந்திரிங்க. நாற்காலி கீழ போகணும்."

மாமாவுக்கு முகம் வெளுத்தது. அவர் அண்ணனை அப்படி எழுப்பியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். பெரிய மாமா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தானே தலைக்குமேல் தூக்கிக்கொண்டார்.

"தம்பி, மேசையைப் புடி. கோர்ட்டு கலைஞ்சுருச்சு!"

பாயை விரித்தேன். சுவரிலிருந்து விடுபட்ட அத்தை நேராக அடுப்படிக்குப் போய் உலையில் இன்னும் அரிசி போட்டார். நான் வெந்நீர் வைத்தேன். அந்தப் பெண்ணின் பெயர் ஞானம். குழந்தைக்குக் கப்பலில் காய்ச்சல் கண்டிருக்கிறது. தீவில் அதைத் தன்னிடமிருந்து பிரித்து எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து மடியைவிட்டு இறக்கவே இல்லையாம். சொல்லும்போதே அழுதாள். பக்கத்துக் கடையில் இன்று மிளகாய் அரைக்கவில்லை. சும்மாவே அழுதாள்.

"குடு இப்படி. உன் கையும் கொஞ்சம் ஆறட்டும்" என்று அத்தை குழந்தையை வாங்கிக்கொண்டார். தூளி கட்டத் துணி வேண்டும். கைக்கு எட்டியது என் பெட்டிதான். திறந்து, நான் கொண்டுபோக மடித்து வைத்திருந்த உன் பச்சைக்கரைச் சேலையை எடுத்து உத்தரத்தில் கட்டினார். குழந்தை நனைத்தது. என் பாவாடை ஒன்று வெளியே வந்தது. மறுபடி நனைத்தது. இன்னொன்று. குளித்துவிட்டு வந்த ஞானத்துக்கு மாற்று இல்லை, என் தாவணி போனது. அவள் புருஷனுக்குத் துண்டு. நான் ரசத்தைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டிருந்ததில் இதையெல்லாம் கவனிக்கவில்லை. பெரிய மாமாதான், "நாக்கு வெந்துபோச்சு, அப்படியே எங்க பிலோமினா ரசம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் மாமா சட்டையை மாட்டினார். "படகுக்கு நேரமாச்சு. புள்ளையோட பெட்டி எங்க?"

அத்தை பெட்டியைப் பார்த்தார். அது வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. உள்ளே ஒரு நூலும் இல்லை.

"எதைத் தூக்கிட்டுப் போறதாம்?" என்றார். "எல்லாம் கொடியில தொங்குது."

"காஞ்சதும் அண்ணன் கொண்டுவந்து விடட்டுமே."

"காஞ்சா? இவங்க ரெண்டு நாள் இருந்துட்டுப் போவாங்க. அடுத்த கப்பல்ல அந்தோணி இன்னும் நாலு பேரை ஏத்தி விடுவான். வந்தவங்களுக்கு உள்ள வாங்கன்னு சொல்ல ஆள் வேணாமா? உங்க அண்ணனை உக்கார வச்சிட்டுப் போவோமா?"

"எனக்கு ரசம் வைக்கத் தெரியாதுப்பா" என்றார் பெரிய மாமா.

அப்பா இன்று அப்போதுதான் பேசினார். "அப்ப செசிலி..."

"இருக்கட்டும் அண்ணே. பகல்ல நானா வீட்டம்மா ஒரு கண்ணு வச்சுக்குவாங்க, கேட்டுட்டேன். மாசத்துக்கு ஒருக்கா நான் வர்றேன். புள்ள படிக்கட்டும்."

படியில் பாதி இறங்கிய அத்தை மறுபடி ஏறி வந்தார். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ராத்திரி ஜெபத்துல அண்ணிகிட்டச் சொல்லிடு. நான் அவங்க வீட்டைப் பூட்டலன்னு" என்றார்.

சொல்லிவிட்டேன் அம்மா.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். யார் வந்து உன் பெயரைக் கேட்டாலும் முதலில் நீ இல்லை என்பதைச் சொல்வேன், உண்மை அதுதான் என்பதால். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் பெட்டியைக் கையில் வாங்கிவிடுவேன். ஒருவரையும் படியிலிருந்து திரும்பிப் போக விடமாட்டேன்.

தூளிக்குள் வெளிச்சம் விழுந்து குழந்தை சிணுங்குகிறது என்று அப்பா சைகை காட்டுகிறார். ஞானம் அசந்து தூங்குகிறாள், அவளை எழுப்பக் கூடாது. விளக்கை அணைக்கப் போகிறேன்.

நம் வீட்டிலேயே இருக்கிற,
உன் மகள் செசிலி